மாட்டு வழக்கு பார்க்க ஒரு வேன்

வண்ணாமடை,
செப்டம்பர் 7

முதல் மனுதாரர் ராஜசேகர் அவர்களுக்கு,

இரண்டாம் மனுதாரர் யோகப்பிரியா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும்.

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. போன மே மாதம் குடும்ப நீதிமன்றத்தில் நாம் ஒப்பு வைத்த காகிதத்தில் மோகனசுந்தரம் வக்கீல் நம்மை இப்படித்தான் எழுதியிருந்தார். சம்மதத்தோடு பிரிகிறோம் என்று சேர்ந்து எழுதிக் கொடுத்த ஆளுக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு மாதம் யோசித்துவிட்டு நவம்பர் கடைசியில் இருவரும் வாருங்கள் என்று ஜட்ஜம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை நீங்கள் என் வீட்டுக்காரரா இல்லையா என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் மனுதாரர் என்றே வைத்துக்கொள்வோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் குறுக்கே வர முடியாது.

விஷயம் ஒரு வேன். எங்கள் பால் சொசைட்டிப் பெண்கள் வருடத்துக்கு ஒருதரம் ஊர் சுற்றப் போவது உங்களுக்குத் தெரியும். பழனி, குருவாயூர், வேளாங்கண்ணி என்று எப்போதும் கோயில் குளம்தான். இந்த வருடம் வனிதா போனில் ஒரு வீடியோ காட்டினாள். மறையூருக்கு மேலே கச்சேரிமேடு என்ற இடத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டு ஒன்றை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்களாம். நாற்காலி, கூண்டு, விசிறி எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறதாம். கூட்டமாகப் போனால் அங்கே நடந்த பழைய வழக்கு ஒன்றை நாமே நடித்துப் பார்க்கலாமாம். எங்கள் சொசைட்டித் தலைவி சரஸ்வதியம்மாள் வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சாமியெல்லாம் பாத்தாச்சு அம்மிணி, ஜட்ஜு உக்கார்ற எடத்த ஆரு பாத்தா என்றார். அதோடு குருவாயூர் கழிந்தது.

இந்த ஊரில் கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்பது ஒரு தனிப் பெருமை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் தென்னந்தோப்பைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களிடம் வழக்கே இல்லாமல் ஒரு கோர்ட்டுக்குள் போகலாம் என்றால் விடுவார்களா? ஒருத்திக்கு ஜட்ஜ் செருப்போடு உட்காருவாரா என்று தெரிய வேண்டும். இன்னொருத்திக்குக் கூண்டுக்குத் தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று தெரிய வேண்டும். பால் ஊற்ற வந்த இடத்தில் கேனை வைத்துவிட்டு அரை மணி நேரம் இதே பேச்சு.

அத்தனை பேரிலும் கோர்ட்டுக்குள் போனவள் நான் ஒருத்திதான். சொல்ல முடியுமா? நான் அப்பாவுக்குத் துணையாக மாடு பார்க்க வந்திருக்கிறேன் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. மனு கொடுத்தது அப்பாவுக்கும் வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் என் வாய் சும்மா இருந்ததா? உள்ளே போகும்போது போனை அணைத்துவிட வேண்டும், கால் மேல் கால் போட்டு உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சரஸ்வதியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

உள்ளதைச் சொன்னால் நானும் கோர்ட்டைப் பார்க்கவில்லை. குனிந்த தலையை அன்றைக்கு நான் நிமிர்த்தவே இல்லை. அங்கே நான் பார்த்தது உங்கள் செருப்பை மட்டும்தான். கறுப்பு வாருக்கு யாரோ பழுப்பு நூலில் தையல் போட்டிருந்தார்கள். ஜட்ஜ் ஒரு பெண் என்பதையே குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அத்தனை பெரிய காரியம் நடந்த அறைக்கு ஜன்னல் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் மற்றவர்களைவிட எனக்குத்தான் ஆவல் அதிகம். இந்தத் தடவை தலையை நிமிர்த்தி ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

இனி வேன். பொள்ளாச்சியில் எத்தனையோ வேன் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஏனம்மிணி, உம்பட ஊட்டுக்காரரு வண்டி இருக்கறப்ப வேற வண்டி எதுக்கு என்கிறார் சரஸ்வதியம்மாள். சாந்தன்பாறையிலிருந்து மூணாறு, மறையூர் வழியாக இறங்கி வண்ணாமடைக்கு வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பி ஏறுவது புத்தியுள்ளவர் செய்கிற காரியம் இல்லை. அதையும் சொன்னேன். வேளாங்கண்ணிக்கு நீங்கள் ஓட்டியபோது ஒருத்திகூட வாந்தி எடுக்கவில்லை, மலை ரோட்டுக்கு மலைக்காரர்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். மனுதாரர் என்ற வேறு பெயர் உங்களுக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியாதே.

சின்னார் செக்போஸ்டில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், வழியில் பெண்கள் இறங்கிக் கால் நீட்ட நல்ல இடம் எது என்று எழுதுங்கள். வர இஷ்டமில்லை என்றால் வண்டிக்கு வேறு ஓட்டம் இருக்கிறது என்று ஒரு வரி போதும். கோபப்பட மாட்டேன். கோபப்படுவேன், ஆனால் உங்களுக்குத் தெரியாது.

செவலைக்கு இங்கே வந்த பிறகு ஆடியில் இரண்டாவது கன்று. கிடேரி. நெற்றியில் வெள்ளை. அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மனுதாரர்


வண்ணாமடை,
அக்டோபர் 5

முதல் மனுதாரருக்கு,

பார்சல் வந்தது. 'வண்டி இருக்கு. தேதி சொல்லு. இங்கே மழை.' இவ்வளவுதான் கடிதம். கூடவே கால் கிலோ ஏலக்காய். ஏலக்காயைப் போட்டது நீங்களா அத்தையா என்று எழுதவில்லை. அப்பா பிரித்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கடுதாசியிலயும் கியரு மாத்தாமயே ஓட்டறாரு என்றார். சொசைட்டியில் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தேன். இரண்டு நாள் எல்லோர் வீட்டுத் தேநீரும் உங்கள் ஊர் மணம் மணந்தது.

ஊரைக் கூட்டிக்கொண்டு போகிறவள் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் போகக் கூடாது. காரியதரிசி என்ற முறையில் போன வியாழக்கிழமை நான் மட்டும் கச்சேரிமேட்டுக்குப் போய் வந்தேன். காலைக் கறவை முடித்துவிட்டு பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறிப் போனேன். நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த வழியில் எத்தனையோ தரம் வந்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் நாம் பேசிக்கொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ வந்திருக்கிறோம். வழியை இப்போதுதான் பார்த்தேன். மறையூரில் வெல்லம் காய்ச்சும் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. கரும்புத் தோகை கேட்பாரில்லாமல் ரோட்டோரத்தில் குவிந்து கிடக்கிறது. நான் இங்கே ஒரு கட்டுத் தீவனத்துக்கு நாயாய் அலைகிறேன். குளிரும் உங்கள் சாந்தன்பாறை மாதிரி எலும்பைக் கடிக்கவில்லை, ஒரு சால்வை போதுமாக இருந்தது. சும்மா எழுதுகிறேன்.

கோர்ட்டு சிறியது. நான் என்னவோ அரண்மனை மாதிரி நினைத்துப் போனேன். ஓட்டுக் கூரை, கருங்கல் சுவர், முன்னால் நீண்ட வராந்தா. சுற்றிக் காட்டுகிற பெண் ராமலட்சுமி, எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வாங்கக்கா, ஒத்தையாவா வந்தீக என்றாள். உங்கள் மலைப் பக்கத்துப் பேச்சைக் கேட்டு மூன்று வருடமாயிற்று.

எங்கள் பெண்கள் கேட்டு விட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் வாங்கி வந்தேன். கூண்டுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. இடுப்பு உயரத்துக்கு மரக் கம்பிகள், ஒரு பக்கம் திறப்பு, அவ்வளவுதான். ஓட நினைத்தால் யாரும் ஓடியிருக்கலாம். ஜட்ஜ் செருப்பு என்ன, பூட்ஸே போட்டிருந்தாராம். தலைக்கு மேலே தொங்கும் துணி விசிறிக்குக் கயிறு சுவரில் ஒரு ஓட்டை வழியாக வெளியே போகிறது. இழுக்கிறவன் வெளியே உட்கார்ந்து, உள்ளே என்ன வழக்கு என்று தெரியாமலே நாள் முழுக்க இழுத்திருக்கிறான். நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதற்குள் என்ன என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. ராமலட்சுமியைக் கெஞ்சித் திறக்கச் சொன்னேன். முகம் கழுவும் தொட்டியும் ரசம் போன ஒரு கண்ணாடியும்தான். அவரும் முகத்தைக் கழுவி, கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல வெளியே வந்திருக்கிறார். அது தெரிந்ததில் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. ஜன்னல்களும் உண்டு. எல்லாமே மலையைப் பார்த்துத் திறக்கின்றன.

வழக்குகளில் பிடிபட்ட பொருள்களை ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். சந்தனக் கட்டைகள், ஒரு நாட்டுத் துப்பாக்கி, அடி நசுங்கிய ஒரு செம்புப் பானை. இவற்றுக்கு நடுவே ஒரு மாட்டு மணி. பால்காரிக்கு வேறெதில் கண் போகும்? இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். அதுதான் நாங்கள் நடத்தப் போகிற வழக்கு. மாட்டு வழக்கு என்றே அதற்குப் பெயர்.

பெரியமுத்து என்று எஸ்டேட்டில் வேலை செய்த ஒருவன். அவன் மனைவி பூமாரி கீழ்நாட்டுப் பெண். ஏதோ மனத்தாங்கலில் அவள் மலை இறங்கித் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண்டாட்டி வேண்டும் என்று அவன் கோர்ட்டுக்குப் போகவில்லை, மாடு வேண்டும் என்று போனான். வழக்கு நடக்கும்போதே மாடு கன்று போட்டுவிட்டது. கன்று மலைக்கா கீழ்நாட்டுக்கா என்று அதற்கு வேறு வாதம். மாட்டைக் கொண்டுவந்து காட்டு என்று ஜட்ஜ் உத்தரவு போட, வந்த மாடு கோர்ட்டு முற்றத்தில் அவர் ஆசையாக வளர்த்த ரோஜாவையெல்லாம் தின்றுவிட்டதாம். சாட்சி சொன்னவர்கள் பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம்.

தீர்ப்பு என்ன என்று கேட்டேன். குழுவில் வருகிறவர்களுக்குக் கடைசியில்தான் சொல்வார்களாம். ஆனால் ஏற்பாடு செய்கிறவளுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். தீர்ப்பே இல்லை. தீர்ப்புச் சொல்கிற அன்று டவாலி வராந்தாவில் நின்று அவன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறான். அவள் பெயரையும் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறான். இரண்டு பேருமே வரவில்லை. வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களும் வரவில்லை, மணியைக் கேட்டும் யாரும் வரவில்லை. புருசனும் பெண்டாட்டியுமாக நடிக்கிறவர்கள் அந்த இடத்தில் சத்தமில்லாமல் வராந்தாவை விட்டு இறங்கிப் போய்விட வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது, அதற்காகத்தான் உங்களிடம் சொல்கிறேன் என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது இந்தக் கேள்வி, இன்னும் விடவில்லை. மாட்டைக் கழுவும்போதும் அதுதான், படுத்தாலும் அதுதான். அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு வராமல் இருந்தார்களா, இல்லை மற்றவர் போயிருப்பார் என்று நினைத்துத் தனித்தனியாக வராமல் இருந்தார்களா? இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். டவாலிக்கு இரண்டும் ஒன்றுதான்.

திரும்பும்போது கச்சேரிமேட்டு நிறுத்தத்தில் நின்றேன். முதலில் வந்தது மூணாறு வழியாகப் பூப்பாறை போகிற பஸ். நடத்துனர் ஏறுகிறீர்களா என்று கேட்டார். அதில் ஏறியிருந்தால் பொழுது சாய்வதற்குள் உங்கள் வாசலில் நின்றிருப்பேன். சாயங்காலக் கறவைக்கு அப்பாவால் ஆகாது என்று சொல்லிக்கொண்டு உடுமலை பஸ்ஸுக்கு நின்றேன். எப்படியும் அன்று கறவைக்கு நான் வந்து சேரவில்லை, வனிதாதான் ஓடி வந்து கறந்தாள். செவலை அவளுக்குப் பாதிப் பாலை அடக்கிக்கொண்டாள்.

தேதி முடிவானதும் எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அவர்கள் சேர்ந்து வராமல் இருந்தார்களா, தனித்தனியாகவா? இதற்காவது மூன்று வரிக்கு மேல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மனுதாரர்


வண்ணாமடை,
நவம்பர் 9

மாமா,

மனுதாரர் என்று எழுதி அடித்துவிட்டேன். வராது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. 'அந்த மாடு கடைசியில் யார்கிட்ட இருந்துச்சு?' என்று என்னையே திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். சிரித்தேன். அப்புறம் எனக்கும் அது பிடித்துக்கொண்டது. ராமலட்சுமிக்குப் போன் செய்து கேட்டேன். தெரியலக்கா, யாரும் இதுவரைக்கும் மாட்டைப் பத்திக் கேட்டதில்ல என்றாள். சரஸ்வதியம்மாளிடம் கதையின் முடிவை மறைத்து, மாடு யாரிடம் போயிருக்கும் என்று மட்டும் கேட்டேன். கன்னுக்குட்டிய ஆரு தூக்கிட்டுப் போறாங்களோ அவிய பின்னால போயிருக்கும், இதுக்கு எதுக்கு அம்மிணி கோர்ட்டு என்றார்.

இங்கே பயண ஏற்பாட்டில் ஊரே தலைகீழாகக் கிடக்கிறது. விடியுமுன் கறந்துவிட்டு வண்டி ஏறிவிடலாம். சாயங்காலக் கறவைக்குத் திரும்பி வர முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் கறக்கப் பழகுகிறார்கள். பழகின கை இல்லாமல் மாடு மடி விடுமா? எப்போதும் செய்கிற வழிதான், பெண்டாட்டி சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும். வாசனைக்கு மாடு ஏமாந்துவிடும். ஒரு வாரமாக எந்தத் தொழுவத்தை எட்டிப் பார்த்தாலும் மீசை வைத்த ஒருவர் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். வனிதா வீட்டுக்காரர் சந்துரு, சேலை கட்ட நேரமில்லை என்று அவளுடைய பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு கறந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து பஞ்சாயத்து மெம்பர் வந்து நின்றாராம். இரண்டு பேரும் ரொம்பக் கவனமாகத் தெருவிளக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள் என்று வனிதா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

தேதி பார்க்கத்தான் பெரும்பாடு. திங்கள் மியூசியம் விடுமுறை. வெள்ளியன்று கோயில் பூசை. கார்த்திகையில் வேறு நாளெல்லாம் முகூர்த்தம். ஒரு சனிக்கிழமை ஒத்து வந்தது, அன்றைக்குப் பார்த்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட டாக்டர் வருகிறார். கடைசியில் சரஸ்வதியம்மாளே காலண்டரை எடுத்து, விரலை வைத்து, இந்தப் புதன்கிழமைதான் என்று சொல்லிவிட்டார். நவம்பர் 26.

உங்களுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்கும். நம்மை ஜட்ஜம்மா வரச் சொன்ன நாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு சரஸ்வதியம்மாள் மட்டும் என் தோளில் கை வைத்து, அன்னிக்கு உனக்கு வேற சோலி ஒண்ணுமில்லையே அம்மிணி என்று கேட்டார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இல்லைங்க என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மோகனசுந்தரம் வக்கீலிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: ஒருத்தர் மட்டும் வந்து ஒருத்தர் வராவிட்டால் வந்தவருக்கு மனசு கஷ்டம். இரண்டு பேரும் வராவிட்டால் ஒரு வாய்தா போடுவார்கள், அதற்கும் வராவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான். பிறகு, உங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண் இதை வீட்டுக்காரரிடம் பேசினாளா என்று கேட்டார். எழுதப் போகிறாள் என்றேன்.

அதைத்தான் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் நான் வேனில் ஏறிப் போய்விட்டு, நீங்கள் அங்கே அந்தத் தையல் போட்ட செருப்போடு ஒற்றையாக நிற்கும்படி செய்ய எனக்கு மனம் வராது. பெரியமுத்து பூமாரி மாதிரி, சேர்ந்தா தனியாகவா என்று பின்னால் வருகிறவர்கள் மண்டையைக் குடைந்துகொள்ளவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வழக்கில் யார் யார் என்ன வேடம் என்று பிரித்துவிட்டார்கள். சரஸ்வதியம்மாள் ஜட்ஜ், வேறு யாருக்கும் அந்த நாற்காலியைத் தரமாட்டார். வனிதா டவாலி, சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு கூப்பிடுவாள். பூமாரி நான். நான் கேட்கவில்லை, ஒருமனதாகப் போட்டுவிட்டார்கள். பெரியமுத்துவுக்கு ஆண் வேண்டும். அந்த வேனில் வருகிற ஆண் டிரைவர் ஒருத்தர்தான்.

அம்மா போன பிறகு ஒரு மாதம் அப்பாவுக்குத் துணையாக இருக்க வந்தேன். அந்த ஒரு மாதம் மூன்று வருடமாயிற்று. நீ மேலே வா என்றீர்கள், நீங்கள் கீழே வாருங்கள் என்றேன். மலையை விட்டு இறங்கினால் மூச்சு முட்டும் என்றீர்கள், அப்பாவை விட்டு ஏறினால் எனக்கு மூச்சு முட்டும் என்றேன். ஒருநாள் போனில் உனக்கு மாடு பெருசா நான் பெருசா என்று கேட்டீர்கள். நான் மாடு என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அப்படிக் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் உங்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. மே மாதமும் மனமில்லை. நீங்கள் பேனாவை வாங்கி முதலில் ஒப்பு வைத்தீர்கள், அந்த ரோஷத்தில் நானும் வைத்தேன். நீங்களும் என்ன ரோஷத்தில் வைத்தீர்களோ.

மறையூரை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இறங்கின மாதிரி, எனக்கு ஏறின மாதிரி. தோகை கிடைக்கும், மாடு பிழைக்கும். மூணாறு ஓட்டத்துக்கு வேன் அங்கிருந்தும் போகும். அப்பாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். வெல்லக் காப்பி நல்லா இருக்கும் என்று மட்டும் சொன்னார். அத்தை என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. இது யோசனைதான். வேன் சத்தத்தில் பேசிக்கொள்ளலாம்.

செவலை விஷயம் ஒன்று பாக்கி. எல்லோர் வீட்டிலும் புருசன் பெண்டாட்டி சேலையைச் சுற்றிக்கொண்டு கறக்கிறார் என்று எழுதினேன் அல்லவா? நம் வீட்டில் மூன்று வருடமாக வேறு மாதிரி. அவள் உங்கள் கைக்குப் பழகின மாடு. பிக்கப்பில் நீங்கள் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போன மறுநாள் என் கைக்கு ஒரு சொட்டு விடவில்லை. தொழுவத்து ஆணியில் உங்கள் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பி ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு மடி விட்டாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அதைப் போட்டுக்கொண்டுதான் கறக்கிறேன். மறந்து வைத்துப் போனீர்களா, தெரிந்தே விட்டுப் போனீர்களா என்று நான் கேட்டதில்லை. பயணத்தன்று சாயங்காலத்துக்கு அப்பா அதைப் போட்டுப் பழகுகிறார், முழங்காலைத் தொடுகிறது.

ஆனால் சட்டை நைந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் காலர் கிழிந்தது. வாசனையும் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒரு மாதமாகச் செவலை பாலை அடக்கப் பார்க்கிறாள்.

செவ்வாய் சாயங்காலமே வந்துவிடுங்கள், மலை இறங்கின களைப்போடு விடிகாலையில் வண்டி எடுக்கக் கூடாது. அத்தையிடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் துணைக்கு ஆள் வைத்துவிட்டு வாருங்கள். வளைவுகளில் நிதானமாக ஓட்டுங்கள். அங்கே புதன்கிழமை நம் பெயரை யாராவது மூன்று தரம் கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

வரும்போது உங்கள் பழைய சட்டை ஒன்று கொண்டு வாருங்கள், மாமா. துவைக்க வேண்டாம்.

யோகப்பிரியா